இருபத்துநான்கு கால் பந்தல்

கருவேலநல்லூர் நகராட்சிப் பூங்காவின் நடுப் புல்தரையில், பத்து நாள் புத்தகக் கண்காட்சிக்காக வெயிலுமுத்து போட்ட இருபத்துநான்கு கால் பந்தல் வெளியே நின்று பார்த்தால் எண்பதடி நீளமாகவும், உள்ளே போனால் முடிவே இல்லாததாகவும் இருந்தது. இதை ஊர் மூன்றாம் நாள்தான் கண்டுகொண்டது. அன்றைக்கு டீ கேனைத் தூக்கிக்கொண்டு இந்த வாசல் வழியாக உள்ளே போன மாடசாமி, விற்றுக்கொண்டே நடந்து அந்தப் பக்கம் வெளியேறிவிடலாம் என்று போனவர், கேன் காலியாகியும் அந்தப் பக்கம் வராமல், வந்த வழியே திரும்பி வந்து, "ஏய் வெயிலு, உம்ம பந்தலுக்குப் பின்வாசல் எங்க வே வச்சீரு?" என்று கேட்டார்.

வெயிலுமுத்து பந்தலைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். பின்வாசல் வைத்த இடத்தில்தான் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் முன்வாசல் தெரிந்தது, முன்வாசலில் நிற்கும் மாடசாமியும் தெரிந்தார். ஆனால் மாடசாமியை நோக்கி உள்ளே நடந்தபோது மாடசாமி வரவில்லை. கால்கள்தான் வந்தன. ஒரு மூங்கில் கால், அதற்கப்பால் ஒரு கால், அதற்கும் அப்பால் ஒரு கால், எல்லாவற்றுக்கும் மேலே தென்னங்கிடுகுக் கூரை, கிடுகு இடுக்கு வழியாகப் புல்லின் மேல் சிதறிக் கிடக்கும் காசு காசான வெயில். திரும்பிப் பார்த்தால் நுழைந்த வாசல் மட்டும் எப்போதும் தெரிந்தது, தூரத்துக்குத் தகுந்தபடி சிறுத்து.

"என்னத்த வே கட்டுனீரு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெயிலுமுத்து, "கயித்தத்தான் கட்டுனேன்" என்றார். அது பொய்யில்லை. முப்பது வருஷமாகக் கல்யாணத்துக்கும் கோயில் கொடை விழாவுக்கும் சாவுக்கும் எப்படிக் கட்டினாரோ அப்படித்தான் இதையும் கட்டியிருந்தார்.

ஊர் இரண்டு நாள் அதிசயப்பட்டது. மூன்றாவது நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் ரயில்வே கேட் தெருக்காரர்கள் மத்தியானத் தூக்கத்துக்கு வந்தார்கள், ஆளுக்கொரு கால் பிடித்துக்கொண்டு, "இது எங்க கால்" என்று சாக்பீசால் பெயர் எழுதினார்கள். ஒரே முகூர்த்தத்தில் பதினோரு கல்யாணம் நடந்தது, ஒரு கல்யாணத்து மேளம் அடுத்த கல்யாணத்துக்குக் கேட்கவில்லை. பத்து வருஷமாக ஒரே மைதானத்துக்காக மல்லுக்கட்டிய இரண்டு கட்சிகளும் ஒரே மாலையில் கூட்டம் போட்டு, ஒருவரையொருவர் திட்டித் தீர்த்துவிட்டு, எதிராளி காதில் விழவில்லை என்ற வருத்தத்தோடு வீட்டுக்குப் போயின. புத்தகக் கடைக்காரர்கள் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்கள், வருகிறவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள், நின்று வாங்குவதில்லை என்று. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தே வளர்ந்த ஜனம், இடம் என்பது கேட்காமலே கிடைக்கும் பொருள் என்பதை முதல் தடவையாக அங்கே பார்த்தது. உள்ளே போனவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக அப்படி வந்தது.

வெயிலுமுத்துவின் மனைவி ஆவுடைத்தங்கம் ஊரில் தபால் கொடுப்பவள். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் பத்துக் கிலோமீட்டர் நடந்து, கருவேலநல்லூரின் ஒவ்வொரு தெருவையும் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை கால்களாலேயே அறிந்தவள். கண்காட்சியின் ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எலுமிச்சம்சாதம் கிளறி டிபன் பாக்ஸில் அடைத்து, தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துக்கொண்டு பந்தல் வாசலில் வந்து நின்றாள்.

"எங்கட்டி கெளம்பிட்ட?" என்றார் வெயிலுமுத்து.

"கடைசிக் கால் எங்க இருக்குன்னு பாத்துட்டு வாரேன்."

"கடைசியே இல்லைங்காங்க."

"யார் சொன்னா? அம்புட்டுப் பேரும் பாதியில திரும்புனவங்க. தெருன்னு ஒண்ணு இருந்தா கடைசி வீடுன்னு ஒண்ணு இருக்கணும். சாயங்காலம் வந்துருவேன். தோசைக்கு மாவு எடுத்து வெளிய வச்சிருங்க."

மாவை எடுத்து வெளியே வைத்தார். அது பொங்கி வழிந்து புளித்தது. ஆவுடைத்தங்கம் வரவில்லை.

மறுநாள் ஆள் கூட்டிக்கொண்டு தேடப் போனார்கள். ஒவ்வொருவராகப் பின்தங்க, வெயிலுமுத்து மட்டும் இரண்டு நாள் நடந்தார். "தங்கம், தங்கம்" என்று கூப்பிட்ட குரல் கால்களுக்கிடையே போனது, எதிலும் மோதித் திரும்பவில்லை. நடக்க நடக்கப் பின்னால் வாசல் ஜன்னலளவாகி, தீப்பெட்டியளவாகி, கடைசியில் கடுகளவு வெளிச்சமானது. இன்னும் பத்தடி வைத்தால் அந்தக் கடுகும் மறைந்துவிடும். அந்த இடத்தில் அவருக்குக் கால் எழவில்லை. ஒரு மூங்கில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிவிட்டார். திரும்பிய கதையை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை.

கண்காட்சி முடிந்தது. பந்தலுக்கு நகராட்சி கொடுத்த அனுமதி பதினைந்து நாள். பதினாறாம் நாள் ஆணையர் மெர்சி எஸ்தர் நேரில் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும், சட்டத்தைச் சட்டமாகவே பேசக்கூடியவர். "தற்காலிகக் கட்டுமானம் இது. நாளைக்குப் பிரிச்சிரணும்" என்றார்.

"பிரிக்கேம்மா. எம் பொண்டாட்டி உள்ள இருக்கா. வந்துரட்டும்."

ஆணையர் உள்ளே எட்டிப் பார்த்தார். காலுக்குப் பின் கால். என்ன நினைத்தாரோ, தேதி போடாமல் கோப்பை மூடிவிட்டுப் போனார்.

அதற்குள் பந்தலின் பெயர் வெளியூர்களுக்குப் போயிருந்தது. சென்னையிலிருந்து ஒரு கட்டடக்கலைப் பேராசிரியர் வந்து, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், நாடா தீர்ந்த இடத்தில் அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதார். இதை அழியவிடுவது பாவம் என்றார். மூங்கிலைச் செல்லரிக்கும், கயிறு இற்றுப்போகும், கிடுகு ஒரு மழைக்குத் தாங்காது, ஆகவே கால்களை இரும்புக் குழாயாக மாற்றிக் கான்கிரீட்டில் ஊன்றி, மேலே தகடு போட்டு நிரந்தரமாக்கிவிட வேண்டும் என்று சொன்னார். நடைப்பயிற்சி சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பால்வண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை.

"பூங்காங்கறது வெறுமையா கெடக்கதுக்குன்னு விட்ட எடம். இன்னைக்கு அதிசயம்னு ஒண்ண நிரந்தரமா விட்டா, நாளைக்குச் செலை வரும், அதுக்கு அடுத்த நாள் செலைக்குப் பக்கத்துல கடை வரும். வானம் பாக்க எங்க போவ?"

"எட்டு ஏக்கர்ல எண்பதடிதானே சார்?" என்றார் பேராசிரியர்.

"எண்பதடின்னு நீங்களே சொல்லுதீங்களா?" என்று கேட்டார் பால்வண்ணன்.

எதற்கும் பரீட்சார்த்தமாகக் கிழக்கு மூலையில் மூன்று கால்களை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று முடிவானது. மூங்கிலைப் பிடுங்கி, குழி தோண்டி, குழாயை இறக்கிக் கான்கிரீட் ஊற்றினார்கள். சிமெண்ட் இறுக இறுக, கிழக்குப் பக்கம் பாய் விரித்துப் படுத்திருந்த ரயில்வே கேட் தெருக்காரர்களின் முழங்கைகள் ஒன்றோடொன்று இடிக்கத் தொடங்கின. நூறடி தள்ளியிருந்த குடும்பம் பக்கத்துப் பாயில் இருந்தது. நேற்று வரை கண்ணுக்கெட்டாத தூரம் ஓடிய கிழக்கு வரிசை, ஐந்தாவது காலோடு முடிந்து, அப்பால் பூங்காவின் சறுக்குமரம் பளிச்சென்று தெரிந்தது. நிலைத்து நிற்கச் செய்த பக்கம், உள்ளேயும் தன் அளவுக்கே வந்துவிட்டது.

வெயிலுமுத்து அலறிக்கொண்டு ஓடிவந்தார். கடப்பாரையை வாங்கி, ஈரம் காயாத கான்கிரீட்டைத் தானே பெயர்த்தார். "உள்ள ஆள் இருக்குவே! உள்ள ஆள் இருக்கு! செவுரு நெருக்குத மாதிரி நெருக்குதீங்களே!" பழைய மூங்கிலையே திரும்ப நட்டு அவர் கட்டிய பிறகு, கிழக்குப் பக்கம் மெல்ல மெல்ல, மூச்சை இழுத்து விடுவது போல, மறுபடி விரிந்தது. விரிந்த தூரத்தில் ஆவுடைத்தங்கம் தெரிகிறாளா என்று பார்த்துக்கொண்டே நின்றார். தெரியவில்லை.

அதன் பிறகு நகர்மன்றக் கூட்டம் பந்தலுக்குள்ளேயே கூடியது. கவுன்சிலர்கள் ஒருவருக்கொருவர் விலகி விலகி உட்கார்ந்துவிட்டதால் உரக்கப் பேச வேண்டியிருந்தது. காப்பாற்ற வேண்டும் என்றவர்களுக்கு எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியவில்லை. பிரிக்க வேண்டும் என்றவர்களுக்கு, பிரித்தால் உள்ளே இருப்பவள் என்ன ஆவாள் என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் வெயிலுமுத்துவைக் கேட்டார்கள்.

"எனக்கு வச்சுக்கிடவும் தெரியாது, காட்சிக்கு விடவும் தெரியாது. பந்தல்னா பிரிக்கணும். ஆனா ஆளு வெளிய வந்தப்புறந்தான் பிரிக்கணும். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

அதையே தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள்.

ஐப்பசி பிறந்தது. மழை விட்ட நேரமெல்லாம் வெயிலுமுத்து கூரை மேல்தான் இருந்தார். ஒழுகும் கிடுகை உருவி வேறு கிடுகு சொருகினார், இற்ற கயிற்றை மாற்றிக் கட்டினார். கிடுகுக்குக் கிடுகு, கயிற்றுக்குக் கயிறு என்று மாற்றினால் உள்ளே அளவு குறையவில்லை. ஆனால் மாற்ற மாற்ற இற்றது. பந்தல் போட்ட நாற்பத்தேழாம் நாள் வானொலியில் புயல் என்று சொன்னார்கள். நாளை மறுநாள் காலை கரை கடக்கும், காற்று இந்தப் பக்கம் கடுமையாக இருக்கும்.

வெயிலுமுத்து வாசல் காலில் கை வைத்துப் பார்த்தார். மூங்கில் உள்ளுக்குள் மாவாகியிருந்தது, தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தது. தொழிலில் அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பிரித்த பந்தல் யாரையும் கொன்றதில்லை. விழுந்த பந்தல் கொன்றிருக்கிறது. கோயில் கொடையொன்றில் அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார், கூரை ஆள் மேல் உட்கார்ந்த விதத்தை. எண்பதடிப் பந்தல் விழுந்தால் எண்பதடிக்கு விழும். இது எத்தனை தூரத்துக்கு விழும்?

நேரே ஆணையர் அலுவலகத்துக்குப் போனார்.

"பிரிச்சிருதேம்மா."

மெர்சி எஸ்தர் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"ஒங்க வீட்டம்மா..."

"விழுந்தா அவ மேலதான் விழும். பிரிச்சா என்ன ஆகும்னு தெரியாது. தெரிஞ்சதுக்கும் தெரியாததுக்கும் நடுவுல தெரியாததத்தான் எடுத்துக்கிட முடியும்."

ஆணையர் எழுந்தார். "நானும் வாரேன்" என்றார்.

மறுநாள் காலை காற்று நின்றுபோயிருந்தது, புயலுக்கு முந்தின நாள் அப்படித்தான் இருக்கும். ஊர் முழுக்கப் பூங்காவைச் சுற்றி நின்றது. உள்ளே இருந்தவர்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். வெயிலுமுத்து இரண்டு வாசலிலும் நின்று ஒரு தரம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு ஏணியில் ஏறினார். கடைசியாகக் கட்டியதை முதலில் அவிழ்த்தார். கத்தி வைக்கவில்லை, ஒவ்வொரு முடிச்சையும் நகத்தால் நெம்பி, பல்லால் இழுத்து அவிழ்த்தார். அவிழ்ந்த கிடுகுகளை நடைப்பயிற்சி சங்கத்தார் கைமாற்றி வாங்கி அடுக்கினார்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பால்வண்ணனும் வாங்கினார். பேராசிரியர் குறுக்குக் கம்புகளைத் தோளில் வாங்கிக்கொண்டார். மத்தியானம் தாண்டிக் கூரை முழுவதும் இறங்கியது. பிறகு கால்கள். இருபத்துநான்காவது காலைப் பிடுங்கிச் சாய்த்தபோது புல்தரை முன்பு இருந்தபடி இருந்தது. அந்தக் கோடியில் சறுக்குமரம், அதற்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர், சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர். யாரும் இல்லை.

வெயிலுமுத்து கவிழ்த்துப் போட்ட கூடை மேல், முழங்கை இரண்டையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை.

அப்போது மாடசாமி, "அங்க என்ன?" என்றார்.

சறுக்குமரத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவில், புல்லின் மேல், எறும்பளவுக்கு ஒன்று அசைந்தது. எறும்பில்லை. குனிந்து பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. நிமிர்ந்து, தொலைவைப் பார்ப்பது போல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரிந்தது. கருவேலங்காட்டில் நாலு மைலுக்கு அப்பால் வரும் ஆளைப் பார்ப்போமே, அப்படி. அது குடை பிடித்திருந்தது.

இளவட்டங்கள் நாலு பேர் புல்தரையில் பாய்ந்து ஓடினார்கள். எண்பதடியையும் தாண்டி ஓடிச் சுவரில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எங்கேயும் இல்லை. இந்தப் பக்கம் வந்து நின்றால் இருந்தாள், அதே தூரத்தில், நடந்துகொண்டு. பந்தல் போய்விட்டது, அவள் நடந்த தூரம் மட்டும் போகவில்லை. அதை அவள்தான் நடந்து தீர்க்க வேண்டும்.

வெயிலுமுத்து எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த எறும்பளவு உருவத்தில் குடை ஒருமுறை மேலே போய் இறங்கியது.

நாலு நாள் நடந்தாள். புயல் வடக்கே விலகிப் போய்விட்டது, ஆனால் மழை கொட்டியது, மழைக்குள்ளும் அவள் குடை பெரிதாகிக்கொண்டே வந்தது. முதல் நாள் எறும்பு. இரண்டாம் நாள் காலை தீக்குச்சி, சாயங்காலம் விரலளவு. பிள்ளைகள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டி அளந்து, "அத்தை நகத்தத் தாண்டிட்டா" என்று ஊருக்குள் போய்ச் சொன்னார்கள். புல்தரையில் கால் வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் நடைப்பயிற்சிக்காரர்கள் அதை விட்டு விலகிச் சுற்றிப் போனார்கள், ஒருத்தி வருகிற வழியில் எப்படிக் குறுக்கே போவது என்று. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் வரை, பார்த்துக்கொண்டு நின்ற ஊரில் ஒருவரும் சாப்பிடவில்லை. வெயிலுமுத்து கூடையை விட்டு எழவில்லை. யாரோ அவர் தலைக்கு மேலே குடை பிடித்தார்கள், ஆள் மாற்றி ஆள் மாற்றிப் பிடித்தார்கள். அதில் ஒரு முறை மெர்சி எஸ்தரும் பிடித்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் அவள் முகம் தெரிந்தது. பிறகு நெற்றிப்பொட்டு தெரிந்தது. பிறகு செருப்புச் சத்தம் கேட்டது, முதலில் தூரத்துக் கதவு போல, பிறகு பக்கத்து வீட்டில் நடப்பது போல. கடைசிப் பத்தடியை மற்றவர்கள் எப்படி நடப்பார்களோ அப்படியே நடந்து வந்து, ஆவுடைத்தங்கம் தன் சொந்த உயரத்தில் அவர் முன்னால் நின்றாள். கூட்டம் கை தட்டவில்லை. ஒரு மூலையில் பேராசிரியர் கைகூப்பியபடி நின்றார். பால்வண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"எத்தன நாளாச்சு?" என்றாள்.

"நாப்பத்திரண்டு."

"அங்க ஒரே காலைநேரமாத்தான் இருந்துச்சு. சோறுகூடக் கெடல."

"கடைசி இருந்துச்சாட்டி?"

அவள் தலையை ஆட்டினாள். "தெரியல. திரும்பிரலாம்னு திரும்புனேன். அப்பந்தான் பயம் வந்துச்சு. வாசல் தெரியல. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி காலு. ஒவ்வொரு கால்லயும் நீங்க போடுத அதே முடிச்சு. இந்த மனுசன் எப்ப இத்தனயும் கட்டுனாருன்னு நெனச்சேன். ஒங்க முடிச்சாத்தான் இருக்கு, ஆனா எந்த முடிச்சு ஒங்க பக்கம்னு தெரியல. சுத்திச் சுத்தி வந்தேன். அப்பம் கூரை போச்சு. படீர்னு வானம். காலும் ஒண்ணொண்ணாப் போச்சு. பாத்தா, எங்கேயோ தூரத்துல ஒரு புள்ளி உக்காந்திருக்கு. முழங்கையை முழங்கால்ல ஊனிக்கிட்டு. ஊருல அப்படி உக்காருதது யாரு?"

நாற்பது நாளாக வெயிலுமுத்துவின் நெஞ்சில் கிடந்தது வாய்க்கு வந்தது. "நான் தேடி வந்தேன் தங்கம். வாசல் கடுகளவு ஆனதும்... பயந்து திரும்பிட்டேன்."

"நல்ல காலம்" என்றாள் அவள். "நீங்களும் வந்திருந்தா யாரு வந்து அவுத்திருப்பா?"

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பற்களால் முடிச்சு அவிழ்த்ததில் உதடு வெடித்து, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக முகத்திலிருந்து விலக்கினாள்.

மெர்சி எஸ்தர் மெதுவாக, "இந்த இடத்துல ஒரு கல்லாவது வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

ஆவுடைத்தங்கம் திரும்பிப் புல்தரையைப் பார்த்தாள். மழையில் கழுவிய புல், அதற்கு மேலே அத்தனை பெரிய வானம். அவள் பார்த்த தூரத்தை அந்த ஊரில் வேறு யாராலும் பார்க்க முடியாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

"கல்லெல்லாம் வேண்டாம் மேடம்" என்றாள். "எனக்கு ஒரு ஆட்டோ மட்டும் வரச் சொல்லுங்க. இனிமே ஒரு அடிகூட நடக்க மாட்டேன்."